அரைமணிக் காவல்

ஹியுமா தீவில் மார்ச் மாதம்.
கடலின் ஓரம் இன்னும் உறைந்து கிடக்கிறது.
படகு ஏற்றும் டிரெய்லரின் அச்சுத்தாங்கி
துருவால் அல்ல, என் அவசரத்தால் முறிந்தது.

கார்ட்லாவில் உர்மாஸிடம் வாங்கினேன்
கம்பி தானே ஓடிவரும் இந்த வெல்டிங் மெஷினை.
"எல்லாம் சரியாக இருக்கும்" என்றான்,
விற்பவர்கள் பேசும் எதிர்காலத்தில்.

காற்று கேஸைக் கலைத்துவிடும் ஊர் இது.
மருந்தைத் தன் வயிற்றுக்குள் சுமந்து வரும்
உள்குழல் கம்பி வாங்கி மாட்டினேன்.
நுனியை வெட்டியபோது மறுகையால் பிடிக்க மறந்தேன்.
சுருண்டிருந்த கம்பிக்கு விடுதலை என்றால் என்னவென்று
ஒரே நொடியில் புரிந்துவிட்டது.
கால்மணி நேரம் சிக்கெடுத்தேன்.

உருளைகளை இறுக்கினால் கம்பி நசுங்கும்,
தளர்த்தினால் வழுக்கும்.
மரக்கட்டையில் நுனியை முட்டவிட்டுப் பார்த்தேன்.
உள்ளே குருவிக்கூடு கட்டிவிட்டது.
முட்டை மட்டும்தான் இல்லை.

டிரெய்லர் முழுக்கத் துத்தநாகப் பூச்சு.
போன வருடம் அந்தப் புகையைக் குடித்த கல்யோ
இரவெல்லாம் போர்வைக்குள் வெடவெடத்தார்.
பால் குடித்தால் போய்விடும் என்றார்களாம்.
இரண்டு லிட்டர் குடித்தார்.
காய்ச்சல் போகவில்லை, வயிறு போனது.

முகமூடியை இறுக்கி, கதவிரண்டையும் திறந்து வைத்து
முறிவின் இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம்
வெறும் இரும்பு தெரியும்வரை அரைத்தேன்.
பிரேக் கிளீனர் டப்பா வெளியே, கிணற்றுக்கும் அப்பால்.
அது சூடு பட்டால் பாலும் கிடையாது, மோரும் கிடையாது.
நைலான் ஜாக்கெட் ஆணிக்குப் போனது.
சட்டைப்பையிலிருந்த லைட்டர் ஜன்னலுக்கு.
எர்த் கவ்வி பெயின்ட்டைக் கடித்துப் பயனில்லை,
இரும்பைக் கடிக்க வேண்டும்.

முதல் தையல்:
கூட்டைக் கலைத்த குளவிகள் போலப் பொறி.
கறையான் தின்ற பலகை போல ஓட்டை ஓட்டையாக இரும்பு.
வோல்ட்டைக் கூட்டினேன்.
கம்பி வேகத்தைக் குறைத்தேன்.
உர்மாஸைத் திட்டினேன்.
எதுவும் மாறவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பக்கக்கதவைத் திறந்தேன்.
உள்ளே கிரீஸ் கறைக்கு அடியில் ஒரு படம்:
கேஸ் உண்டெனில் துப்பாக்கி பிளஸில்,
இல்லையெனில் மைனஸில்.
இரண்டு நட்டு, இரண்டு ஒயர்.
இத்தனை நேரம் தலைகீழாக நின்று
நான் இரும்பைக் குறை சொல்லியிருக்கிறேன்.

மாற்றிப்போட்டு, முகக்கவசத்தை இறக்கப் போகையில்
வாசலில் லேலோவின் நிழல்.
"கண்ணை மூடு!" என்று கத்தினேன்
வணக்கத்துக்குப் பதிலாக.
முதுகைக் காட்டி நின்றபடி
படகுச்சேவை நேரம் மாறியதைச் சொல்லிக்கொண்டே போனாள்.
எனக்குக் கேட்டது ஒன்றுதான்:
வெண்ணெயில் ரைம் மீன் பொரிகிற சத்தம்,
சீராக, அவசரமில்லாமல்.
கம்பி விரலகலம் நீட்டிக்கொண்டிருக்க
உருகிய சிறு குட்டையை என் பக்கமாக இழுத்தேன்.

கசடைத் தட்டிப் பார்த்தால் அழகென்று சொல்ல முடியாது.
சுத்தியலால் நாலு போட்டேன்.
கோபித்துக்கொள்ளவில்லை.

மெஷின் அணைந்த பிறகும் வேலை முடிவதில்லை.
மீன்பெட்டியைக் கவிழ்த்து இருவரும் உட்கார்ந்தோம்,
நடுவில் ஒரு வாளித் தண்ணீர்.
அரைமணி நேரம், ஒன்றுமே செய்யாமல்.
விறகு விலையைப் பேசினோம், பிறகு அதையும் பேசவில்லை.

இருபத்திரண்டாம் நிமிடம்
லேலோ மூக்கைச் சுருக்கினாள்.
மேஜைக்குப் பின்னே, மரத்தூளுக்குள்,
தீ இல்லை. கம்பியை விட மெல்லிதாய்
ஒரு புகை எழுந்து நின்றது.

வாளி மொத்தத்தையும் கவிழ்த்தேன்.
கிணற்றுக்குப் போய் மறுபடி நிரப்பி வந்து
கடிகாரத்தைப் பார்த்தேன்.
அரைமணி, முதலிலிருந்து.

"என் பஸ் போய்விடும்" என்றாள் லேலோ,
மீன்பெட்டியை இன்னும் கொஞ்சம்
அந்த மூலைப் பக்கம் நகர்த்திப் போட்டபடி.